கட்டத்தை நகர்த்துங்கள், குரலை விடுங்கள்

கேள்வி: வீட்டுக் கூடத்தில் அத்தை பாட, அப்பா மிருதங்கம் வாசித்த ஆதி தாளக் கீர்த்தனை ஒன்றை க்ளிக் (தாளம் காட்டும் டிக்-டிக் ஒலி) இல்லாமல் பதிவு செய்தேன். ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் அதற்குத் தம்புராவும் ஸ்டிரிங்ஸும் சேர்க்கிறேன். டெம்போவை நிமிடத்துக்கு 80 அடி என்று வைத்தால் பல்லவி வரை ஒட்டுகிறது, அனுபல்லவியில் விலகுகிறது. குரலை இழுத்துச் சேர்த்தால் கமகம் (சுரங்களின் அசைவு) கரகரக்கிறது. பதிவை அனுப்பியிருக்கிறேன். என்ன செய்யலாம்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: முழுதாகக் கேட்டேன். உங்கள் அப்பா தாளத்தை ஓட்டவில்லை அம்மா. அத்தை மேல் ஸ்தாயிக்கு ஏறும்போது அவரும் கூடவே போகிறார். அந்த இணக்கத்துக்காகத்தான் இந்தப் பதிவையே காப்பாற்ற வேண்டும். இழுத்ததையெல்லாம் நீக்கி, மூலப் பதிவுக்குத் திரும்புங்கள்.

கணக்கைப் பாருங்கள். பல்லவியில் ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, 6 வினாடி. சுற்றுக்கு 8 அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை; அதற்கு அது 80 டெம்போ. அனுபல்லவியில் 5.7 வினாடி, அதாவது 84. ஆவர்த்தனத்துக்கு 0.3 வினாடிதான் வித்தியாசம். ஆனால் மூன்று ஆவர்த்தனம் போவதற்குள் ஓர் அட்சரத்துக்கு மேல் தள்ளிவிடும்.

ஆகவே டெம்போ மேப் போடுங்கள், அதாவது பாட்டின் வேகத்துக்கு ஏற்ப மென்பொருளின் தாளக் கட்டத்தை நகர்த்துங்கள். எதற்கும் முன்னால், ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் டைம்பேஸை (பதிவுகள் எதோடு ஒட்டி நிற்கும் என்ற அமைப்பு) ‘டைம்’ என்று மாற்றுங்கள். இதை விட்டுவிட்டால் டெம்போ மாறும்போதெல்லாம் குரலும் நகரும். பிறகு ஒரு சமத்திலிருந்து (ஆவர்த்தனத்தின் முதல் அடி) அடுத்த சமம் வரை தேர்வுசெய்து, அந்த நீளத்தை ஒரு மெஷராக்கும் (கட்டத்தின் ஒரு பகுதி) கட்டளையைக் கொடுங்கள். 8/4 என்று வையுங்கள். இப்படியே ஆவர்த்தனம் ஆவர்த்தனமாக. அட்சரத்துக்கு அட்சரம் குறிக்க வேண்டாம், ஸ்டிரிங்ஸ் விக்கும். கோர்வை (மிருதங்கத்தின் முத்தாய்ப்புக் கணக்கு) முடிகிற இடத்தில் மட்டும் நடுவே ஒரு குறி கூடுதலாகத் தேவைப்படலாம்.

சமத்தை எங்கே பார்ப்பது? மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் விழும் ‘நம்’ அலைவடிவத்தில் கூர்மையாக எழும். அதன் தொடக்கத்தில் மெஷர் கோட்டை நிறுத்துங்கள். இடப்பக்கமான தொப்பியின் ‘தொம்’ மெதுவாக எழுவதால் ஏமாற்றும். அப்பா சமத்தில் கை எடுத்துவிட்ட ஆவர்த்தனங்களில் அவரையே பக்கத்தில் உட்காரவைத்துத் தாளம் போடச் சொல்லி, அதைக் கேட்டுக் குறியுங்கள்.

இன்னொன்று, இதுதான் உங்கள் ப்ராஜெக்டில் முக்கியம். அத்தையின் முதல் எழுத்தை முதல் மெஷரின் தொடக்கத்தில் வைத்திருக்கிறீர்கள். இந்தக் கீர்த்தனைக்கு எடுப்பு, அதாவது பாட்டு தொடங்கும் இடம், சமத்தில் இல்லை, அரை இடம் தள்ளி. சமம் அவர் வாய் திறப்பதற்கு முன்பே போய்விட்டது. அந்த மௌனத்தில்தான் கோடு விழ வேண்டும். தானாக டெம்போ கண்டுபிடிக்கும் வசதிகளுக்கு எடுப்பு தெரியாது. நாற்பதை எண்பதாகவும் அவை எண்ணும். தாளம் தெரிந்த உங்கள் காதை நம்புங்கள்.

மேப் முடிந்ததும் க்ளிக்கைப் போட்டு முழுதும் கேளுங்கள். உறுத்துகிற இடத்தை மட்டும் திருத்துங்கள். ஸ்டிரிங்ஸ் அதற்கப்புறம்தான். தம்புராவை மட்டும் இந்த மேப்புக்குள் பொருத்தாதீர்கள். அதற்குச் சுருதி சேர்ந்தால் போதும், மீட்டு தாளத்தோடு விழ வேண்டியதில்லை.