சிவப்புக் கோட்டுக்கு எந்தச் சாம்பல்?

கேள்வி: 1806 வேலூர்ப் புரட்சிச் சிப்பாய் பொம்மை ஒன்றை (54 மி.மீ., ரெசின்) பழைய கறுப்பு வெள்ளை போட்டோ மாதிரி அக்ரிலிக்கில் அடித்தேன். முகமும் சிவப்புக் கோட்டும் ஒரே சாம்பலாகிவிட்டன. அந்தச் சாம்பலிலும் நீலம் அடிக்கிறது. ஏன்?
- வாசகர், காட்பாடி

பதில்: நீலத்துக்குக் காரணம் கறுப்புதான். கார்பன் கறுப்பும் டைட்டானியம் வெள்ளையும் சேர்ந்தால் நீலச் சாயல் வரும். ஊசிமுனை அளவு பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு) விடுங்கள். கூடினால் செபியா, அதாவது பழுப்பேறிய போட்டோ நிறம் ஆகிவிடும்.

கோட்டுதான் பெரிய சிக்கல். 1806-இல் கேமராவே கிடையாது. ஆகவே எந்தக் காலத்துப் படம் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் கண்ணாடித் தகடுகளுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு ஏறக்குறையக் கறுப்பாக விழும், நீலம் வெளுத்துவிடும். பின்னால் வந்த, எல்லா நிற ஒளியும் பதியும் பான்குரோமாட்டிக் பிலிமில் சிவப்பு நடுச்சாம்பல். மாநிற முகமும் கிட்டத்தட்ட அங்கேதான் நிற்கும். உங்கள் பொம்மையில் நடந்தது அதுதான். பழைய தகட்டின் கணக்கில் கோட்டைக் கருஞ்சாம்பலாக்கி, முகத்தை ஒரு படி வெளுப்பாக வையுங்கள். மார்பின் குறுக்கே போகும் வெள்ளை வார் தானாக எடுபடும்.

ஐந்து பாட்டில் மூடிகளில் ஐந்து சாம்பலை முதலிலேயே கலந்துவிடுங்கள். வெள்ளையில்தான் கறுப்பைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மாற்றிச் செய்தால் வெள்ளைப் பாட்டில் காலியாகும், சாம்பல் வெளுக்காது. அக்ரிலிக் காய்ந்ததும் சற்றுக் கறுக்கும், அட்டையில் தடவிக் காயவிட்டுப் பாருங்கள். சுத்தக் கறுப்பு, சுத்த வெள்ளை இரண்டும் கடைசியில்தான்: அக்குளின் மடிப்பில் ஒரு கோடு, பித்தளைப் பட்டனில் ஒரு புள்ளி. உலோகத்தில் கறுப்பை ஒட்டியே வெள்ளை வரவேண்டும். துணியில் இரண்டுக்கும் நடுவே மூன்று சாம்பலாவது வேண்டும். நிறமில்லாத பொம்மையில் எது பித்தளை, எது துணி என்று சொல்வது இந்த இடைவெளிதான். கண்ணுக்கு வெளிர்சாம்பல் போதும். வெள்ளை வைத்தால் சிப்பாய் முழிப்பார்.

கேள்வி: பொம்மைக்கு மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்ப்ரே அடித்ததும் மாவு பூத்த மாதிரி ஆகிவிட்டது.
- வாசகி, ஆற்காடு

பதில்: கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் அடித்தீர்களா? துளி பொம்மையில் படுமுன்பே காற்றில் காய்ந்து தூளாக உட்காரும். மழை ஈரத்திலும் படலம் கட்டும், அது வேறு காரணம். காலை நிழலில், ஒரு சாண் தள்ளி, மெல்லிசாக இரண்டு பூச்சு அடியுங்கள். பூத்த இடத்தில் கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷைப் பிரஷ்ஷால் லேசாகத் தடவினால் பெரும்பாலும் அடங்கிவிடும். அதன்மேல் மேட் வேண்டாம், சாட்டின் (அரைப் பளபளப்பு) அடியுங்கள். மேட் பூச்சு கறுப்பைச் சாம்பலாக்கிவிடும்.