வேன்தான் வீடு என்றால் பெருந்தொற்றுக் காலத்தில் எங்கே நிற்பது?

பாறையேறுபவர் வேனில் வசிப்பது தப்பில்லை. பெருந்தொற்று நேரத்தில் ஏறுவதற்குப் பாறை தேடி ஊர் ஊராக நகர்வதுதான் தப்பு.

"வேறு வீடில்லை, வேனுக்குள் தனியாகத்தானே இருக்கிறேன்" என்கிறீர்கள். டீசல் போடும்போதும் தண்ணீர் பிடிக்கும்போதும் பொதுக் கழிப்பறைக்குப் போகும்போதும் தனியாக இல்லையே. கோவிட் அறிகுறி தெரிய 14 நாள் வரை ஆகலாம். அதற்குள் மூன்று ஊர் தாண்டியிருப்பீர்கள்.

2020 மார்ச்சில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பாறையேறுபவர்கள் கூடும் மோவாப் பகுதி வெளியூர்க்காரர்களைத் தங்கவிடாமல் நிறுத்தியது. அங்கிருந்த மருத்துவமனையில் 17 படுக்கைகள்தான், தீவிர சிகிச்சைப் பிரிவு கிடையாது. விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டால் அந்தப் பதினேழில் ஒன்று உங்களுக்கு.

ஒன்று செய்து பாருங்கள். 14 நாள் நகராமல் இருக்கத் தண்ணீர், கேஸ், கழிவுத்தொட்டி மூன்றும் தாங்குமா என்று ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். எனக்கு ஆறாம் நாளே தொட்டி நிரம்பி, மூடியைத் திறக்கவே பயமாகிவிட்டது. தாங்காது என்றால் நண்பர் வீட்டு முற்றத்தில் நிறுத்த இடம் கேளுங்கள்.

ஆனால் நிற்கும் முகாமையே மூடிவிட்டால் நகரத்தான் வேண்டும். அப்போது ஒரே ஓட்டமாக, பெரிய மருத்துவமனை உள்ள ஊருக்குப் போங்கள். கயிறு பைக்குள்ளேயே இருக்கட்டும்.