எம்பிக்கு அனுப்பும் மெயிலில் அஞ்சல் குறியீடு இருக்கிறதா?

வணக்கம். மனைவியின் விசா நீட்டிப்பு தாமதம் பற்றி லண்டன் எம்பிக்கள் ஏழு பேருக்கு ஒரே மெயிலைத் தட்டிவிட்டதாகவும், தானியங்கிப் பதில் மட்டுமே வந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். சிக்கலே அந்த ஏழு பேர்தான். பிரிட்டனில் 650 எம்பிக்கள் இருந்தாலும், தன் தொகுதியில் குடியிருப்பவருக்கு மட்டுமே வேலை செய்வது அங்கே மரபு. மற்ற ஆறு பேர் தொடவே மாட்டார்கள். உங்கள் எம்பிக்கும் முழு முகவரி, அஞ்சல் குறியீடு இல்லாமல் நீங்கள் யாரென்று தெரியாது. தானியங்கிப் பதிலை முழுசாகப் படியுங்கள், பெரும்பாலும் அதைத்தான் கேட்டிருப்பார்கள்.

ஓட்டுரிமை இல்லையே என்று தயங்க வேண்டாம், குடியிருந்தாலே போதும்.

மெயிலை முதலில் படிப்பது அலுவலக உதவியாளர். அதனால் தலைப்பிலேயே 'விசா தாமதம்' என்று போட்டு, உள்துறையின் விண்ணப்ப எண், விண்ணப்பித்த தேதி, மனைவியின் பிறந்த தேதி, அவர் சார்பில் பேச அவருடைய ஒப்புதல் வரி, இவ்வளவு போதும். ஆட்சியைத் திட்டும் பத்திகள் எதற்கு? எம்பியால் விசா கொடுக்க முடியாது. கோப்பு எங்கே நிற்கிறது என்று கேட்க முடியும்.

அப்படியும் அசையவில்லையென்றால், தொகுதியில் அவர் மக்களை நேரில் சந்திக்கும் நாளுக்கு நேரம் கேளுங்கள்.