ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வருமா? வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கேள்வி: என் கணவருக்கு வயது 61. முதுகு தேய்த்துவிடும்போது அவருடைய இடது மார்க்காம்புக்கு அடியில் கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. காட்டலாம் என்றால், "வலியே இல்லை, கொழுப்புக் கட்டியாத்தான் இருக்கும், இதைப் போய் யார்கிட்ட காட்டுறது" என்று தட்டிக்கழிக்கிறார். மூன்று மாதமாகிவிட்டது, இப்போது காம்பு கொஞ்சம் உள்ளே இழுத்த மாதிரி இருக்கிறது. ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வருமா டாக்டர்?
- ஒரு வாசகி, விருதுநகர்

வரும் அம்மா. நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் இந்த வாரமே அவரை அழைத்துக்கொண்டு போகச் சொல்லத்தான் தோன்றுகிறது. புற்றுநோய்தான் என்று நான் சொல்லவில்லை, பரிசோதிக்காமல் யாராலும் சொல்லவும் முடியாது. ஆனால் ஒரு பக்கம் மட்டும் கட்டி, வலி இல்லை, காம்பு உள்ளே போகிறது, வயதும் அறுபதைத் தாண்டிவிட்டது என்றால் இனி ஒரு நாளையும் வீணாக்கக் கூடாது.

ஆண்களுக்கும் காம்புக்குப் பின்னால் கொஞ்சம் மார்பகத் திசுவும் சிறு நாளங்களும் உண்டு, புற்று அங்கேதான் தொடங்குகிறது. மார்பகப் புற்றுநோய் வருகிறவர்களில் நூற்றுக்கு ஒருவர்தான் ஆண். அரிதான நோய்தான், ஆனால் அரிது என்பதாலேயே யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. கூச்சமும் சேர்ந்துகொள்ள, பலர் புண்ணாகிக் கசிய ஆரம்பித்த பிறகோ அக்குளில் நெறி கட்டிய பிறகோதான் வருகிறார்கள். ஆணுக்கு அந்த இடத்தில் சதை குறைவு என்பதால் சின்னக் கட்டிகூட சீக்கிரமே தோலையும் மார்புத் தசையையும் எட்டிவிடும். வலி இல்லை என்று அவர் சொல்வதில் ஆறுதல் அடைய ஒன்றுமில்லை, ஏனென்றால் இந்தக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை.

யாரிடம் காட்டுவது என்று கேட்கிறார் அல்லவா, பொது அறுவை சிகிச்சை மருத்துவரிடம் காட்டுங்கள். பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சர்ஜரி ஓ.பி.க்குப் போனாலே போதும். தொட்டுப் பார்த்து, மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்-ரே, ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். மேமோகிராம் ஆண்களுக்கும் எடுக்கலாம், அந்த அறை வாசலில் பெண்களுக்கு நடுவே உட்கார அவர் கூச்சப்பட்டால் நீங்களும் கூடவே இருங்கள். பிறகு ஊசி போட்டுச் சிறு துணுக்கு எடுத்து பயாப்ஸி பார்ப்பார்கள். "ஊசி பட்டால் பரவிடும்" என்று சொந்தத்தில் யாராவது பயமுறுத்துவார்கள், அதை நம்பிப் பற்றுப் போடக் கிளம்பிவிடாதீர்கள். என்ன கட்டி என்று தெரியாமல் வைத்தியம் பார்ப்பதுதான் ஆபத்து.

ஒருவேளை புற்றுநோய் என்றே வந்தாலும், ஆரம்பத்தில் பிடித்தால் நன்றாகக் குணமாகக்கூடியது. மார்பகத்தை அறுவை சிகிச்சையில் எடுப்பார்கள், தேவைப்பட்டால் கீமோவும் கதிர்வீச்சும் உண்டு. ஆண்களுக்கு வருவதில் பத்தில் ஒன்பது, ஹார்மோன் மாத்திரைக்குக் கட்டுப்படும் வகை. பெண்களுக்குக் கொடுக்கும் அதே டமாக்சிஃபென்தான், குறைந்தது 5 ஆண்டுகள் சாப்பிட வேண்டியிருக்கும். செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சைக்கு இடம் இருக்கிறது.

கேள்வி: வயது 19. இரண்டு மார்பும் பெரிதாகத் தெரிகிறது, டி-ஷர்ட் போடவே கூச்சமாக இருக்கிறது. இது கேன்சரா?
- ஒரு கல்லூரி மாணவர், ஈரோடு

இல்லை தம்பி, உங்கள் வயதில் அப்படி இருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு. பருவ வயதில் ஹார்மோன் ஏற்ற இறக்கத்தால் நிறைய பையன்களுக்கு வருகிற வீக்கம் இது, பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் தானே வடிந்துவிடும். உடல் எடை கூடினாலும் மார்பு இப்படித் தெரியும். ஜிம்மில் யாராவது கொடுத்த ஊசி, பவுடர் ஏதாவது எடுக்கிறீர்களா? எடுத்தால் இன்றே நிறுத்திவிட்டு, என்னென்ன எடுத்தீர்கள் என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். 19 வயதிலும் வடியவில்லை என்பதால் ஒருமுறை நேரில் காட்டிவிடுவது நல்லது, விரைகளையும் பரிசோதிப்பார்கள், அதற்குக் கூச்சப்படாதீர்கள்.

கேள்வி: எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்து அறுவை சிகிச்சை முடிந்து நலமாக இருக்கிறேன். இரண்டு மகள்கள், ஒரு மகன். அவர்களுக்கும் வருமா? மகள்களுக்கு டெஸ்ட் எடுக்கலாமா?
- ஒரு வாசகர், திருச்சி

நல்ல கேள்வி ஐயா, பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். இந்நோய் வந்த ஆண்களில் சிலருக்கு பி.ஆர்.சி.ஏ. 2 என்ற மரபணுவில் மாற்றம் இருக்கும். பாடகி பியான்சேயின் அப்பா மேத்யூ நோல்ஸ், சட்டையில் அடிக்கடி இரத்தப் புள்ளி படிவதைப் பார்த்துப் பரிசோதிக்கப் போனவர், 2019இல் தனக்கு மார்பகப் புற்றுநோய் என்பதை வெளிப்படையாகச் சொன்னார். அவருக்கும் இந்த மாற்றம்தான் இருந்தது. தாய்வழியில் மட்டுமே இது வரும் என்று நினைக்கிறோம், அப்படியில்லை, அப்பாவிடம் இருந்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. இது இருக்கும் பெண்களுக்கு மார்பக, சினைப்பைப் புற்றுநோய்க்கும், ஆண்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய்க்கும் வாய்ப்பு அதிகம். அதனால் மகனையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மகள்களிடமிருந்து ஆரம்பிக்காதீர்கள். முதலில் உங்களுக்குத்தான் மரபணுப் பரிசோதனை எடுக்க வேண்டும். உங்களிடம் மாற்றம் இருந்தால், சரியாக அதை மட்டும் பிள்ளைகளிடம் தேடினால் போதும், அவர்களுக்கு வரும் முடிவும் தெளிவாக இருக்கும். உங்களுக்கு சிகிச்சை அளித்த புற்றுநோய் மருத்துவரிடமே பயாப்ஸி ரிப்போர்ட்டோடு போய்க் கேளுங்கள், உங்கள் அக்கா தங்கை, அத்தை, சித்தப்பா யாருக்காவது புற்றுநோய் வந்திருந்தால் அது என்ன புற்றுநோய், எந்த வயதில் வந்தது என்பதையும் எழுதி எடுத்துப் போங்கள்.