தினமும் தண்ணி விட்டும் லான் காயுதே, ஏன்?

கேள்வி: தினமும் சாயங்காலம் பத்து நிமிஷம் ஹோஸ் புடிச்சு தண்ணி விடறேன், அப்படியும் லான் பழுப்பாயிட்டே வருது. ஒட்ட வெட்டிட்டு யூரியா போட்டா பச்சை திரும்புமா?

பதில்: யூரியா பையை முதல்ல தூர வைங்க. தண்ணிக்கு தவிக்கிற புல்லு மேல அதை போட்டா கருகிடும், தப்பிச்சாலும் புது இலை விட ஆரம்பிச்சு இன்னும் ஜாஸ்தி தண்ணி கேக்கும்.

கோளாறே அந்த பத்து நிமிஷத்துலதான். தண்ணி விட்ட மறுநாள் காலைல நீளமா ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து மண்ணுல குத்தி பாருங்க, ஒரு இஞ்ச் எறங்கி முட்டுச்சுன்னா தண்ணி அதுக்கு கீழ போகவே இல்ல, வேரும் அந்த ஒரு இஞ்சுக்குள்ளயே சுத்திட்டு கெடக்கும், வெயில் ஏறினா முதல்ல காயறதும் அந்த மேல்மண்ணுதான். அதனால தினமும் தெளிக்கறதை விட்டுட்டு வாரத்துக்கு ரெண்டே தடவை, மொத்தம் 25 மில்லிமீட்டர் வர்ற மாதிரி விடியகாலைல விடுங்க. ஸ்பிரிங்க்ளர் வெச்சா ரெண்டு மூணு காலி டப்பாவை அங்கங்க வெச்சு ஸ்கேல்ல அளந்துக்கலாம். களிமண்ணுல தண்ணி வழிஞ்சு ஓடுச்சுன்னா நிறுத்தி, அரை மணி கழிச்சு மிச்சத்தை விடுங்க. சாயங்காலம் விட்டா ராத்திரி பூரா இலை ஈரமா இருந்து பூஞ்சை வரும்.

ஒட்ட வெட்டறதும் வேணாம். வழக்கத்தை விட அரை இஞ்சாவது உயரமா விடுங்க, அந்த நிழல்லதான் மண்ணு ஈரம் தாங்கும். ஒரே தடவைல மூணுல ஒரு பங்குக்கு மேல வெட்டாதீங்க, வெட்டின துணுக்கை வாராம அப்படியே போட்டுடுங்க. பிளேடு மழுங்கியிருந்தா நுனி கிழிஞ்சு வெளுத்து தெரியும், நிறைய பேர் அதை தண்ணி இல்லாம காயுதுன்னு நெனச்சு இன்னும் தண்ணி ஊத்தறாங்க!

ஏற்கனவே பழுப்பான இடத்துல ஒரு பிடி புல்லை புடிச்சு இழுங்க. வராம அடம் புடிச்சு, அடித்தண்டு வெளிர் நிறத்துல கெட்டியா இருந்தா அது சாகல, தூங்குது, ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவை அரை இஞ்ச் தண்ணி போதும், மேல நடக்காம மட்டும் பாத்துக்குங்க. அருகம்புல்லா இருந்தா கவலையே வேணாம், ஒரு நல்ல மழைக்கு எந்திரிச்சிடும். ஆனா பாய் மாதிரி சுருண்டு கைல வந்துச்சுன்னா அடியில மண்ணை கிளறி பாருங்க, வெள்ளையா வளைஞ்ச புழு இருக்கும், வேரை அது தின்னிருக்கும், அதுக்கு எவ்ளோ தண்ணி விட்டும் பிரயோஜனம் இல்ல.