பி.ஏ. பொருளியலில் வேலை இருக்கிறதா? சேலம் செவ்வாய்ப்பேட்டை அப்பாவுக்கு ஒரு பதில்

அண்ணா, பாப்பா பிளஸ் டூ முடித்ததும் பொருளியல்தான் படிப்பேன் என்று பிடிவாதம் பிடிப்பதாகச் சொன்னீர்கள். "வளரும் நாடுகளின் பண்புகள் என்று பத்து பாயிண்ட் மனப்பாடம் செய்கிறாள், இதற்கா மூன்று வருஷம்?" என்றும் கேட்டீர்கள். மனப்பாடம் மட்டும்தான் என்றால் வேண்டாம் என்றே நானும் சொல்வேன்.

ஆனால் அந்தப் பாடம் உங்கள் கொலுசுப் பட்டறையிலேயே நடக்கிறது. செய்த வேலைக்குத்தான் கூலி, பி.எஃப். கிடையாது, ஆர்டர் இல்லாத மாதம் வருமானமும் இல்லை. புத்தகம் இதை அமைப்புசாராத் துறை என்கிறது. ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஏக்கர் மரவள்ளிக் காட்டில் இரண்டு பேர் செய்யும் வேலையை வீட்டில் ஐந்து பேரும் செய்தால் அது மறைமுக வேலையின்மை. இந்தியாவில் உழைப்பவர்களில் ஏறக்குறைய 45 சதவீதம் பேர் விவசாயத்தில் இருக்கிறார்கள். நாட்டு வருமானத்தில் விவசாயத்தின் பங்கோ ஐந்தில் ஒன்றுதான். வறுமை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று இந்த இரண்டு எண்களே காட்டிவிடும். காட்டில் மிஞ்சிய கைகள் சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரி மாதிரியான தொழில்களுக்கு நகரும்போது ஒரு நாடு எப்படி வளரும் என்று 1954-லேயே விளக்கியவர் ஆர்தர் லூயிஸ் என்ற பொருளியல் அறிஞர். 1979-இல் நோபல் பரிசும் பெற்றார்.

இன்னொன்று. அந்தப் பத்து பாயிண்ட்டில் 'மக்கள்தொகை வேகமாகப் பெருகும்' என்று ஒன்று வரும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள்தான். மக்கள்தொகை குறையாமல் இருக்கவே 2.1 வேண்டும். அதாவது அந்த பாயிண்ட் நமக்கு இனிப் பொருந்தாது. இதை எண்ணை வைத்துச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத்தான் இந்தத் துறையில் மதிப்பு.

அதனால் நான் பார்ப்பது கணக்கு. பாப்பா வணிகக் கணிதம் எடுத்திருக்கிறாளா? இல்லையென்றால் இந்த விடுமுறையிலேயே புள்ளியியல் அடிப்படையும் எக்செலும் பழகட்டும். கல்லூரியில் புள்ளியியலும், பொருளாதாரத்தைப் புள்ளிவிவரம் வைத்து அளக்கும் பொருளாதார அளவையியலும் வரும்போது அதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

பி.ஏ.வோடு நிறுத்தினால் டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு எழுதலாம். இந்தியப் பொருளாதாரப் பகுதி அவளுக்குக் கைவந்துவிடும். ஆனால் என் யோசனை, எம்.ஏ. வரை படிக்க வையுங்கள். யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வுக்கு முதுகலை கட்டாயம், ரிசர்வ் வங்கியின் பொருளாதார ஆய்வுத் துறைக்கும் அப்படித்தான். சேலத்தில் பட்டம் முடித்துவிட்டு, முதுகலைக்குச் சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் முயலலாம். அப்போது விடுதிச் செலவு வரும், இப்போதே கொஞ்சம் எடுத்து வையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பாப்பாவையும் அழைத்து வாருங்கள் அண்ணா. பத்தாவது, பதினொன்றாவது கணக்கு மார்க்கைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.