ஆர்கேட் பெட்டிக்கு எந்த ஒயரிங்?

அன்புள்ள அண்ணா,

நானும் தம்பியும் வீட்டு மாடியில் பிளைவுட்டில் ஒரு ஆர்கேட் பெட்டி (காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டி மாதிரி) செய்துகொண்டிருக்கிறோம். இரண்டு பேர் ஆடலாம். உள்ளே ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி. பட்டன்களை அதோடு இணைக்கும் ஒயரிங்கில்தான் வேலை நின்றுவிட்டது. பழைய கீபோர்டைப் பிரித்து அதில் சால்டர் செய்யலாம் என்கிறான் தம்பி. பையின் பின்களிலேயே நேராகக் கொடுத்தால் தாமதம் இருக்காது என்பது என் எண்ணம். பட்டன் அழுத்தலை யுஎஸ்பி வழியாகக் கணினிக்குச் சொல்லும் என்கோடர் போர்டு வாங்குவது வீண் செலவா?

– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

அன்புள்ள தம்பிக்கு,

வீண் செலவே இல்லை. என்கோடர்தான் வாங்க வேண்டும்.

கீபோர்டு வேண்டாம். அதில் ஒவ்வொரு கீக்கும் தனி ஒயர் கிடையாது. குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் ஓடும், அவை சந்திக்கும் இடத்தில் கீ இருக்கும். டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்) இல்லாத சாதாரண கீபோர்டில், ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளைச் சேர்த்து அழுத்தினால் நான்காவது மூலையும் அழுத்தப்பட்டதாகவே சிப்புக்குத் தெரியும். அதைத் தவிர்க்க, பல கீபோர்டுகள் மூன்றாவது கீயையே கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும். டைப் அடிக்கும்போது இது உறைக்காது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பட்டன்களை விளாசும் சண்டை ஆட்டத்தில், அடித்த அடி விழாமலே போகும்.

பின்களில் நேராகக் கொடுக்க முடியும். ஆளுக்கு நான்கு திசை, ஆறு பட்டன், காயின், ஸ்டார்ட் என்று 12, இருவருக்கும் 24. பையின் 40 பின்களில் இதற்குத் தாராளமாகப் பயன்படுபவை 26தான். இடம் எப்படியோ போதும். எனக்குப் பயம் வேறு. அந்தப் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. பட்டன் விளக்குக்கு இழுத்த 5 வோல்ட் ஒயர் கழன்று அவற்றில் பட்டால் பையே போய்விடலாம். என்கோடர் இருந்தால் பெரும்பாலும் அந்தச் சின்ன போர்டோடு நஷ்டம் நிற்கும். தாமதத்தைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள்; அதில் பெரும்பங்கு டிவியுடையது. முதலில் கேம் மோடைப் போட்டுப் பாருங்கள்.

மலிவான என்கோடர் என்றால் ஆளுக்கு ஒன்று வேண்டும். இரண்டும் ஒரே மாடலாக இருந்தால் ஆள் 1, ஆள் 2 இடம் மாறிப்போகலாம்; எது எந்த யுஎஸ்பி துளை என்று குறித்துவைத்து மாற்றாமல் செருகுங்கள். ஐ-பேக் 2 மாதிரியான பெரிய என்கோடர் போர்டுக்கு விலை அதிகம், ஆனால் 32 உள்ளீடுகள் ஒரே போர்டில் கிடைக்கும், இந்தக் குழப்பமும் வராது. கையில் பணம் இருந்தால் நான் அதையே வாங்கச் சொல்வேன்.

பட்டனுக்கு அடியில் இருக்கும் மைக்ரோசுவிட்சில் மூன்று கால்கள் இருக்கும். கிரவுண்டு ஒயர் 'காம்' (பொது) காலுக்கு, பட்டன் அழுத்தியதைச் சொல்லும் சிக்னல் ஒயர் 'என்ஓ' (அழுத்தும்போது மட்டும் இணையும்) காலுக்கு. ஐ-பேக்கில் ஒரே கிரவுண்டு ஒயரை எல்லா 'காம்' கால்களிலும் தொட்டுக்கொண்டே போய், கடைசி முனையையும் திரும்பக் கொண்டுவந்து கிரவுண்டிலேயே சேர்த்துவிடுங்கள். நடுவில் ஒரு லக் (ஒயர் முனையில் மாட்டி, காலில் செருகும் உலோகத் துண்டு) கழன்றாலும் மற்ற பட்டன்கள் வேலை செய்யும்.

உங்கள் பக்கம் கடல் காற்று. ஒயரை முறுக்கி டேப் சுற்றினால் சீக்கிரமே பச்சை பூக்கும். ஈயம் பூசிய லக்கை ஒயரில் வைத்து அழுத்தி இறுக்கி (கிரிம்ப் செய்து), மேலே ஸ்லீவ் உறை போடுங்கள். எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்குப் போகும்போது ஒரு பட்டனைக் கையோடு கொண்டுபோங்கள், கால் 2.8 மில்லிமீட்டரா 4.8 மில்லிமீட்டரா என்பதைப் பொறுத்துத்தான் லக். பேனலுக்குக் கீல் வைத்து, அதை முழுதாகத் திறக்கும் அளவுக்கு ஒயரைத் தாராளமாக விடுங்கள். முதலில் தேய்ந்துபோவது சுவிட்சுதான், அதை உங்கள் தம்பியே மாற்றிவிட முடியும்.